டீச்சரம்மாவின் ஒன்பது ஈட்டிகள்

“தெரியல” என்ற சொல்லைத் தலை நிமிர்ந்து சொன்ன ஒருவரைத்தான் நான் பார்த்திருக்கிறேன். மற்றவர்கள் அதைச் சொல்லும்போது குரல் கீழே போகும். சிலர் அதைச் சொல்லாமல் தப்பிக்க ஒரு கதை விடுவார்கள். நான் இன்னொரு ரகம். தெரிந்ததையே தெரியாது என்று சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொள்கிறவன். வாயைத் திறந்தால் அடுத்த கேள்வி வருமே என்ற கூச்சம். அந்த ஒருவர் டீச்சரம்மா. ஒரு பொருளைக் கையில் வாங்கி, விரல் மேல் வைத்து எடை பார்ப்பார். கட்டை விரல் நகத்தால் ஓரத்தைத் தடவுவார். மூக்கருகே கொண்டுபோய் மோந்து பார்ப்பார். பிறகு, வகுப்பில் கடைசி பெஞ்சுக்கும் கேட்கிற குரலில் “தெரியல” என்பார். அதுவும் ஒரு பதில் போலவே இருக்கும்.

மயிலாப்பூரில் கச்சேரி ரோட்டை ஒட்டிய சந்தில் இருக்கும் பழைய சாமான் கடையில் நான் பாலிஷ் போடுகிறவன். நாற்காலி, கடிகாரப் பெட்டி, விளக்கு, எது வந்தாலும் பிரித்து, சுரண்டி, தேய்த்து, திரும்பப் பூட்டிக் கொடுப்பேன். ஐந்தாவதோடு படிப்பு நின்றுவிட்டது. எழுத்துக்கூட்டி வாசிப்பேன், மெதுவாக எழுதுவேன். அதனால் ஒரு சாமானைப் பிரிக்கும்போது பட்டியல் எல்லாம் எழுதுவதில்லை. அரத்தால் வெட்டு போட்டுவிடுவேன். முதல் நாற்காலியின் எல்லாத் துண்டிலும் ஒரு வெட்டு, இரண்டாவதில் இரண்டு. மரமோ இரும்போ தோலோ, வெட்டு போடாமல் எதையும் கீழே வைக்க மாட்டேன். தூக்கிப் போடப் போகிற துண்டாக இருந்தாலும் வெட்டு விழுந்த பிறகுதான் குப்பைக்குப் போகும். அந்தப் பழக்கத்தால்தான் இந்தக் கதையே நடந்தது.

டீச்சரம்மா சாந்தோம்காரர். மாதா கோயிலுக்குப் பின்னால் அண்ணன் வீட்டில் இருந்தார். அண்ணன் இல்லை, அண்ணன் மகன் குடும்பம்தான். தென்னாப்பிரிக்காவில் ஜூலு மக்கள் வாழும் ஒரு கிராமத்துப் பள்ளியில் இருபது வருடத்துக்கு மேல் கணக்கு சொல்லிக் கொடுத்துவிட்டுத் திரும்பியவர். புதன்கிழமை தோறும் கடைக்கு வருவார். வாங்குவது அபூர்வம். தொட்டுப் பார்ப்பார், கேள்வி கேட்பார். கைப்பையில் எப்போதும் ஒரு சாக்குக்கட்டி இருக்கும். எதையாவது விளக்க வேண்டும் என்றால் கடைத் தரையிலேயே வரைவார்.

அவர் சந்து முனையில் தெரிந்தாலே முதலாளி சொல்வார்: “டீச்சர் வர்றாங்க. வெளக்குக்கெல்லாம் பர்த் சர்ட்டிபிகேட் எடுத்து வைடா.”

ஒருமுறை ஒரு வாடிக்கையாளரிடம் பித்தளை விளக்கு ஒன்றைச் சோழர் காலத்து விளக்கு என்று முதலாளி சொல்லிக்கொண்டிருந்தார். டீச்சரம்மா அதைக் கவிழ்த்துப் பார்த்தார். அடியில் கடைசல் மெஷினின் வட்டக் கோடு பளிச்சென்று இருந்தது. “எந்தச் சோழர்?” என்று மட்டும் கேட்டார். வாடிக்கையாளர் போய்விட்டார்.

“இன்னா மேடம், வாயி சும்மாவே கெடக்காதா உங்களுக்கு?”

“நான் ஒண்ணும் சொல்லலையே. பேர்தானே கேட்டேன்.”

நொச்சிக்குப்பத்தில் மீன் வாங்கும்போதும் இதே கதைதான் என்று கேள்வி. பாறை என்று சொன்னால் போதாது. மஞ்சப் பாறையா, வங்கடைப் பாறையா என்று கேட்பாராம். “தின்னா ரெண்டும் ஒண்ணுதான் டீச்சரு” என்று மீன்காரம்மா சொன்னால், “தின்னப் போறது நான். பேரு சொல்ல வேண்டியது நீ” என்பாராம்.

கடையில் எல்லோருக்கும் நான் “பாலிஷு”. முதல் நாள் டீச்சரம்மா என் பேரைக் கேட்டார். நெஞ்சுக்குள்ளேயே சொன்னேன். “சரியா கேக்கல” என்றார். மறுபடி சொன்னேன். அதற்குள் யாரோ கூப்பிட்டார்கள். அடுத்த புதனும் கேட்டார். அதற்கடுத்த புதன், பென்சிலை நீட்டி எழுதச் சொன்னார். எழுதியதை வாய்விட்டு வாசித்தார். அதற்குப் பிறகு ஒரு நாளும் அவர் என்னைப் பாலிஷு என்று கூப்பிட்டதில்லை. என் அப்பா வைத்த பேரை முழுசாகச் சொன்னவர் அப்பாவுக்குப் பிறகு அவர்தான்.

அவர் பழக்கமாகி நாலாவது வருடம், இரண்டு மாதம் ஆளையே காணவில்லை. இடுப்பு எலும்பு முறிந்து ஆஸ்பத்திரியில் இருந்தார் என்பது பிறகுதான் தெரிந்தது. அந்தச் சமயத்தில் ஒருவர் ஆட்டோவில் இரண்டு டிரங்குப் பெட்டி, ஒரு தையல் மெஷின், சாக்கில் சுற்றிய ஒரு கட்டு ஆகியவற்றைக் கொண்டு வந்து போட்டார். அவர்தான் டீச்சரம்மாவின் அண்ணன் மகன் என்று எனக்கு எப்படித் தெரியும்? சாக்கைப் பிரித்தால் ஒன்பது ஈட்டிகள். கறுத்துப்போன இரும்பு, புகை நாற்றம்.

“மொட்டையா கீது. முருகன் வேலு மாதிரி பளபளன்னு பண்ணிக் குடு. தி.நகர்ல புதுசா ஓட்டல் தொறக்குறாங்க, செவுத்துல மாட்ட கேட்டுக்கினு கீறாங்க” என்றார் முதலாளி.

பத்து நாள் வேலை. இரும்பின் பின்பக்கம் வால் போலக் கூராக நீண்டு, கம்பின் துளைக்குள் பிசினோடு இறங்கியிருந்தது. இரும்பும் கம்பும் சேரும் அந்தக் கழுத்தின் மேல் சிலவற்றில் பிரம்பு நார் பின்னியிருந்தது, சிலவற்றில் முடி இல்லாத தோல். ஒன்றில் மட்டும் முடியோடு இருந்த தோல், உறை மாதிரி தையலே இல்லாமல். கறுப்பு முடி, நுனியில் வெள்ளை. மற்றதையெல்லாம் கத்தியால் கிழித்து எடுத்தேன். இதை மட்டும் தண்ணீரில் ஊறவைத்து, கிழிக்காமல் உருவினேன். அழகாக இருந்தது. என் சுரண்டியின் மரப்பிடி வியர்வையில் வழுக்கும். தோலை ஈரத்தோடு அந்தப் பிடிமேல் மாட்டினேன். காய்ந்ததும் கவ்விப் பிடித்துக்கொண்டது. வழக்கம்போல எல்லாத் துண்டிலும் வெட்டு போட்டு வைத்துவிட்டு, இரும்பையெல்லாம் வெள்ளி போலத் தேய்த்து, கம்பில் திரும்பச் செருகி, கழுத்துக்குப் பித்தளைக் கம்பி சுற்றினேன். ஒன்றில் கலர் கலராக டெலிபோன் ஒயர் பின்னியிருந்தது, பார்க்க நன்றாக இருக்கிறதே என்று அதை மட்டும் அப்படியே விட்டேன். நல்ல வேலை செய்ததாகத்தான் நினைத்தேன்.

ஒரு புதன்கிழமை டீச்சரம்மா நாலுகால் தடியை ஊன்றிக்கொண்டு வந்தார். பின்னால் அண்ணன் மகன் தலையைத் தொங்கப்போட்டு வந்தார். சுவரில் சாய்த்திருந்த ஒன்பது ஈட்டிகளையும் பார்த்துக்கொண்டு டீச்சரம்மா வெகுநேரம் நின்றார். ஒரு வார்த்தை திட்டவில்லை. ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, ஒவ்வொன்றாக எடுத்துத் தரச் சொன்னார்.

மெல்லிய நீளக் கழுத்தும் இலை மாதிரி சின்ன அலகும் உள்ள நாலை ஒரு பக்கம் வைத்தார். “இது எறியறது. இசிஜுலா.” தரையில் அதன் வடிவத்தைச் சாக்குக்கட்டியால் வரைந்தார். டெலிபோன் ஒயர் சுற்றியதைத் தள்ளி வைத்தார். “இது ரோட்டோரத்துல டூரிஸ்ட்டுக்கு விக்கறது. நானே பேரம் பேசி வாங்கினேன். இதுக்குப் பொதுவா உம்கோன்டோன்னு சொன்னா போதும், ஈட்டின்னு அர்த்தம்.” மிச்சம் நாலு. குட்டையான கம்பு, அகலமான நீண்ட அலகு, கை வழுக்காமல் இருக்கக் கம்பின் கடைசியில் ஒரு புடைப்பு. “இது எறியறது இல்ல. கிட்ட நின்னு குத்தறது. இக்ல்வா.”

“இன்னா பேரு மேடம் அது, விக்கல் மாதிரி கீது?”

“ஒடம்புல குத்தி உருவறப்ப வர்ற சத்தம்தான் பேராச்சுன்னு சொல்றாங்க. நான் கேட்டதில்ல. அதனால இது அவங்க சொல்றது, நான் சொல்றது இல்ல.”

“எல்லாத்துக்கும் ஈட்டின்னு ஒரே பேரா வெச்சா ஆவாதா?”

“உங்க கடைல ஸ்டூல், பெஞ்சு, ஈஸி சேர் எல்லாத்துக்கும் ஒரே பேரா சொல்றீங்க?”

முதலாளி சிரித்துவிட்டார். டீச்சரம்மா சிரிக்கவில்லை. அந்த நாலில் ஒன்று தன்னுடையது இல்லை என்றார்.

அந்தக் கிராமத்தில் அடிதடி மூண்டு வீடுகள் எரிந்த காலத்தில், பக்கத்து வீட்டு அம்மா ஒரு விடிகாலையில் போர்வையில் சுற்றிக் கொண்டு வந்து கொடுத்த ஈட்டி அது. அவர்கள் ஒவ்வொரு வீட்டிலும் அப்படி ஒன்று இருக்குமாம். வீட்டு ஈட்டி. முன்னோருக்கு மாடு அறுக்கும்போது அதைத்தான் கையில் பிடித்து, செத்தவர்களின் பேரையெல்லாம் சொல்லிக் கூப்பிடுவார்களாம். “வெச்சிரு, கேக்கறப்ப குடு” என்று சொல்லிவிட்டு அந்தக் குடும்பம் ஊரை விட்டு ஓடியது. வீட்டுக்காரர் வழியிலேயே செத்துப்போனார். இத்தனை வருடம் கழித்து அவர்களின் மகன் டீச்சரம்மாவைத் தேடிக் கண்டுபிடித்து போன் செய்திருக்கிறான். அப்பாவின் ஆவியை முறைப்படி வீட்டுக்கு அழைத்துவர வேண்டும். அம்மாவுக்கு வயதாகிவிட்டது. அந்த ஈட்டி வேண்டும்.

முதலாளி காலண்டரைப் பார்த்தார். பிறகு சொன்னார்: “சனிக்கெழம பதினோரு மணிக்கு ஓட்டல்காரன் வண்டி வருது மேடம். எட்டுதான்னு நான் சமாளிச்சிக்கறேன். ஒண்ண எடுத்துக்கோங்க. எதுன்னு மட்டும் சொல்லிடுங்க.”

“அதுதான், நாலும் பாக்க ஒரே மாதிரி இருக்கே. வீட்டு ஈட்டிக்குன்னு தனி உருவம் கெடையாது. குடும்பம் அதை வெச்சு என்ன பண்ணுதோ, அதனால வர்ற பேரு.” டீச்சரம்மா என் பக்கம் திரும்பினார். என் பேரைச் சொல்லிக் கூப்பிட்டார். “இதெல்லாம் பிரிச்சது நீதானப்பா? ஒண்ணுல மட்டும் கழுத்துல கன்னுக்குட்டி வால் தோல் இருந்திருக்கும். கறுப்பு, நுனி வெள்ளை. எதுலன்னு ஞாபகம் இருக்கா?”

சுரண்டி என் கையில்தான் இருந்தது. மடியில் கிடந்த துணிக்கு அடியில் அதைத் தள்ளினேன்.

“தெரியலம்மா.”

அவர் என் முகத்தைப் பார்த்தார். சந்தேகப்படுவார் என்று நினைத்தேன். தலையை ஆட்டினார். “தெரியலன்னா தெரியல.” அவ்வளவுதான். அந்தச் சொல்லை யாராவது பொய்யாகச் சொல்வார்கள் என்பதே அவருக்குத் தோன்றவில்லை.

வியாழக்கிழமையும் வந்தார், வெள்ளிக்கிழமையும் வந்தார். நாலு ஈட்டியையும் மாற்றி மாற்றி விரல் மேல் நிறுத்துவார், மோந்து பார்ப்பார். நான் போட்ட பாலிஷ் நாற்றம்தான் வரும். அண்ணன் மகன் கெஞ்சினார். “அத்தை, நாலுல ஏதோ ஒண்ண அனுப்புங்க. அவங்களுக்கு என்ன தெரியப் போவுது? நான் பண்ண தப்புதான், ஒத்துக்கறேன். அதுக்காக இப்படி வந்து உக்காந்து ஒடம்பக் கெடுத்துக்கணுமா?”

“அவங்களுக்குத் தெரியாதுடா. எனக்குத் தெரியுமே, எனக்குத் தெரியலன்னு.”

முதலாளியும் தன் பங்குக்குச் சொன்னார். “மேடம், ஞாயித்துக்கெழம கோயில்ல பாவமன்னிப்பு கேட்டுக்கலாம். கண்ண மூடிக்கினு ஒண்ண தொடுங்க.”

டீச்சரம்மா தடியைத் தரையில் ஊன்றினார். “அந்த அம்மா இதைக் கையில புடிச்சு புருஷன் பேரச் சொல்லிக் கூப்புடப் போறாங்க. வேற ஈட்டியா இருந்தா அவர் வருவாரா, மாட்டாரா? அது எனக்குத் தெரியாது. ஆனா ‘இதுதான் உங்க வீட்டுது’ன்னு சொல்லப் போறது என் வாய். நாளைக்குப் பதினோரு மணி வரைக்கும் பாப்பேன். தெரியலன்னா, தொலைச்சுட்டேன்னு அவங்ககிட்டச் சொல்வேன். பொய்யா ஒண்ணக் குடுக்க மாட்டேன்.”

அப்போதே ஈட்டி கேட்ட அந்தக் குடும்பத்துப் பையன் போன் செய்தான். அவர்கள் பாஷையில் டீச்சரம்மா ஏதோ சொன்னார். வைத்துவிட்டு எங்களிடம், “இன்னும் தெரியலன்னு சொன்னேன்” என்றார். முதல் முறையாக அவர் குரல் கொஞ்சம் கீழே போனது.

அன்று சாயங்காலம் பெரும்பாக்கத்தில் வீட்டுக்குப் போய் என் மனைவியிடம் சொன்னேன். அவள் சோற்றை வடித்துக்கொண்டே கேட்டாள்.

“அந்தத் தோலு இன்னா வெல்லக்கட்டியா? குடுத்துட்டு வரவேண்டிதான?”

“மொதலாளி கத்துவாரு. சுத்துன கம்பியெல்லாம் பிரிக்கணும். வேலய உட்டுத் தூக்கிடுவாரு.”

“தூக்குனா வேற கடை. கை கீதுல்ல?” பிறகு என்னைத் திரும்பிப் பார்த்தாள். “மொதலாளிக்கு நீ பயப்புடல. அந்தம்மா மூஞ்சப் பாக்கப் பயப்புடுற.”

உண்மைதான். கடைசி பெஞ்சுவரைக்கும் கேட்கிற அந்தக் குரலில் என் பேரைச் சொல்லி, பொய் சொன்னாயே என்று கேட்டால் நான் என்ன செய்வேன்?

சனிக்கிழமை கடை திறக்கும் முன்பே போய்விட்டேன். டீச்சரம்மா ஒன்பதரைக்கு வந்து ஸ்டூலில் உட்கார்ந்தார். சுரண்டியை எடுத்துக்கொண்டு போய் அவர் மடியில் வைத்தேன்.

அவர் தோலைத் தடவினார். மோந்து பார்த்தார். கறுப்பு முடியும் வெள்ளை நுனியும் அப்படியே இருந்தன. என் கட்டை விரல் பதிகிற இடத்தில் மட்டும் முடி தேய்ந்து ஒரு வழுக்கை.

“தெரியலன்னு சொன்னியேப்பா.”

“தெரியும்மா.”

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார். நான் எதிர்பார்த்த எதையும் அவர் கேட்கவில்லை. “எதுல இருந்து எடுத்த?” என்றார்.

தோலின் விளிம்பில் இருந்த மூன்று வெட்டுகளைக் காட்டினேன். என் வெட்டுக் கணக்கை அவருக்குச் சொன்னேன். அவ்வளவு நீளமாக நான் யாரிடமும் பேசியதில்லை. இரும்பின் வாலிலும் அதே மூன்று வெட்டு இருக்கும், ஆனால் பித்தளைக் கம்பிக்கு உள்ளே இருக்கும் என்றேன்.

“பிரி.”

முதல் ஈட்டியின் கம்பியைப் பிரித்து, இரும்பை இளக்கி உருவினேன். ஐந்து வெட்டு. இரண்டாவது, ஏழு வெட்டு. மூன்றாவதைக் கையில் எடுத்தபோது முதலாளி உள்ளே வந்தார். தரையெல்லாம் பித்தளைச் சுருள்.

“டேய் பாலிஷு! இன்னாடா பண்ணிக்கினு கீற? வண்டி கெளம்பிடுச்சுன்னு போன் பண்றான், நீ அத்தினியும் பிரிச்சுப் போட்டுக்கினு கீற!”

“கத்தாதீங்க மொதலாளி. எட்டும் பதினோரு மணிக்கு ரெடியா இருக்கும்.”

இதைச் சொன்னது நான்தான் என்று எனக்கே கொஞ்சம் கழித்துத்தான் உறைத்தது. முதலாளி வாயைத் திறந்தபடி கல்லாவில் போய் உட்கார்ந்தார்.

மூன்றாவதை உருவினேன். மூன்று வெட்டு. டீச்சரம்மாவிடம் நீட்டினேன். அவர் நகத்தால் எண்ணினார். ஒன்று, இரண்டு, மூன்று. முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை.

“நாலாவதையும் பிரி.”

“இதுதாம்மா. மூணு வெட்டு பாருங்க.”

“அதுலயும் மூணு இருந்தா? பிரிப்பா.”

நாலாவதில் எட்டு வெட்டு. அப்போதுதான் அவர் மூன்றாவது ஈட்டியை இரண்டு கையாலும் மடியில் வைத்துக்கொண்டார். நாலு நாளாகச் சொல்லாமல் வைத்திருந்த பேரைச் சொன்னார். “உம்கோன்டோ வெகாயா.” வீட்டு ஈட்டி. சொல்லிவிட்டு அங்கேயே அந்தப் பையனுக்கு போன் செய்தார். அந்தப் பக்கம் ஒரு கிழவி அழுவது கடை முழுக்கக் கேட்டது.

மற்ற எட்டும் பத்தே முக்காலுக்குத் தயாராகிவிட்டன. வண்டி ஏற்றிக்கொண்டு போனது.

தோலை மறுபடி ஊறவைத்து, பழைய இடத்தில் மாட்டினேன். காய்ந்து பிடித்துக்கொண்டது. என் விரல் பட்ட வழுக்கை மட்டும் போகவில்லை. கப்பல் பார்சலுக்கு மரப்பெட்டி அடித்தேன். பெட்டிக்குள் வைக்க ஒரு சீட்டு எழுத வேண்டும் என்று டீச்சரம்மா என்னையே எழுதச் சொன்னார். அவர் எழுத்துக் கூட்டிச் சொல்லச் சொல்ல எழுதினேன். பெயர்: உம்கோன்டோ வெகாயா. செய்தவர்: தெரியவில்லை. வைத்திருந்தவர் என்று சொல்லித் தன் பேரைச் சொன்னார். பிறகு, “பிரித்துத் தேய்த்து மறுபடி கட்டியவர்” என்றார். நான் பேனாவை நிறுத்தினேன்.

“வேணாம்மா.”

“செஞ்சது நீதான? எழுது.”

எழுதினேன். அதை அவர் வாய்விட்டு வாசித்தார், முன்பு ஒரு புதன்கிழமை வாசித்தது போலவே. கீழே எல்லாவற்றையும் அவர்கள் பாஷையில் அவரே எழுதினார். நான் பொய் சொன்னதைப் பற்றி அன்றும் கேட்கவில்லை, பிறகும் கேட்கவில்லை. அவர் இறந்து இரண்டு வருடம் ஆகிறது. கேட்டிருந்தால் எனக்கு லேசாகியிருக்கும் என்று இப்போதும் நினைக்கிறேன். சுரண்டியின் பிடி மொட்டையாகத்தான் இருக்கிறது. வழுக்கத்தான் செய்கிறது. அதன்மேல் வேறு எதையும் மாட்டவில்லை.

அப்போது, பெட்டி போய்ச் சேர்ந்து சடங்கும் முடிந்த பிறகு, ஒரு புதன்கிழமை டீச்சரம்மா வந்து சொன்னார். அந்தக் கிழவி ஈட்டியைக் கையில் வாங்கியதும் முதலில் தோலைத்தான் தடவினாராம். வழுக்கையில் விரல் பட்டதும், இது யாருடைய விரல் என்று கேட்டாராம்.

“சீட்டுல இருந்த ஒன் பேர அந்தப் பையன் படிச்சுக் காட்டினானாம். சரியா கேக்கலன்னு மூணு தடவ சொல்ல வெச்சாங்களாம்” என்றார் டீச்சரம்மா. “சடங்கு அன்னைக்கு ஈட்டிக்கு என்னென்ன நடந்துச்சோ அத்தனையும் செத்துப்போன பெரியவங்ககிட்டச் சொல்லணும். எங்க இருந்துச்சு, யார் கையில இருந்துச்சுன்னு. என் பேரச் சொன்னாங்களாம். ஒன் பேரையும் சொன்னாங்களாம்.”

கையில் இருந்த வேலையைக் கீழே வைத்தேன். கேட்கக் கூச்சமாக இருந்தது. ஆனாலும் கேட்டேன்.

“கெடுத்தவன்னு சொன்னாங்களாம்மா, திருப்பிக் குடுத்தவன்னு சொன்னாங்களா?”

டீச்சரம்மா கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார். கொஞ்சம் யோசித்தார். பிறகு, சந்து முனைவரைக்கும் கேட்கிற குரலில், “தெரியல” என்றார்.